ஆறு மணிச் சாப்பாடு

பத்து நிமிடம் தாமதமாக வருகிற பேருந்தைவிட, ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடுகிற பேருந்து மோசமானது என்பது லூபெர்ட்டின் கொள்கை. தாமதமாக வருவதற்காவது நின்று காத்திருக்கலாம். போய்விட்டதை என்ன செய்வது? மெப்பல் ஊரில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டும் அவர், இந்தக் கொள்கையைப் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் ஒரு முறை சொல்வார். இரண்டாம் முறை சொல்ல மாட்டார். மூன்று கால அட்டவணைகள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்: வாரநாள், சனி, ஞாயிறு. மனப்பாடமாகத் தெரிந்தும் பையில் வைத்திருப்பார்.

வேலையில் இருந்த இந்தக் கண்டிப்பு வீட்டில் பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. மனைவி ரூலி பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்க ஆட்களின் வாயைத் திறக்க வைப்பவள் என்பதாலோ என்னவோ, கணவர் வாயை மூடியிருப்பதைத்தான் விரும்பினாள். மகள் மாரித்துக்குப் பதினேழு வயது. ஆகவே லூபெர்ட்டின் கண்டிப்புக்கு வருடத்தில் ஒரு வாரம்தான் முழு ராஜ்ஜியம் கிடைத்தது. அது ஜூலையில் வரும் சைக்கிள் வாரம்.

மாரித் ஆறு மாதக் குழந்தையாக முன் இருக்கையில் கட்டப்பட்டுப் போன வருடத்திலிருந்து அது நடக்கிறது. வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. நாட்டில் சைக்கிள் பாதைகள் சேருமிடமெல்லாம் எண் எழுதிய கம்பம் நிற்கிறது. இன்றைக்கு எந்தெந்த எண் வழியாகப் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டால் போதும், யாரையும் வழி கேட்க வேண்டாம். ஜனவரி மாதக் குளிரில் சாப்பாட்டு மேஜை மேல் வரைபடத்தை விரித்து, பென்சிலால் லூபெர்ட் அந்த எண்களை எழுதுவார். ஒரு நாளுக்கு ஓர் அட்டைத் துண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் செருகிச் சைக்கிள் கைப்பிடியில் ஒட்டிவிடுவார். பதினேழு வருடத்தில் ஒரு எண் தவறியதில்லை. இரவுக்கு, சைக்கிளில் வருகிறவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கட்டிலும் ஆறு மணிக்குச் சாப்பாடும் தருகிற ஏதாவது ஒரு வீடு.

போன வருடம் ரூலி முழங்கால் வலி என்று பேட்டரி சைக்கிள் வாங்கினாள். இந்த வருடம் மாரித்தும், பல்பொருள் அங்காடியில் அடுக்கி வைக்கும் வேலையில் சம்பாதித்ததை வைத்து, ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். மூன்று கியர் வைத்த பழைய கறுப்புச் சைக்கிளில் மிச்சமிருந்தது லூபெர்ட் மட்டும். அவர்கள் இருவரும் மிதிப்பது மாதிரிப் பாவனை செய்கிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம். அதை ஒரு முறைக்கு மேல் சொன்னார்.

பேச்சு வளர்ந்தது ஈஸ்டர் சமயத்தில். ரூலியின் தங்கைக்கு ஸ்பெயின் கடற்கரையில் ஒரு வீடு உண்டு. நீச்சல் குளத்தோடு ஜூலை முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. எதிர்காற்றில் நனைந்து, தெரியாதவர் வீட்டுக் கட்டிலில் படுத்து, ஆறு மணிச் சாப்பாட்டுக்காக நாக்குத் தள்ள ஓடுவதை விட்டுவிட்டு அங்கே போனால் என்ன என்று மாரித் கேட்டாள். யாரும் ஓடுவதில்லை, திட்டம் சரியாக இருந்தால் ஓட வேண்டியதே இல்லை என்றார் லூபெர்ட்.

"சரி, பந்தயம்," என்றாள் மாரித். "அஞ்சு நாள். அஞ்சு நாளும் ஆறு மணிக்கு முன்னாடி, மூணு பேரும் சேர்ந்து சாப்பாட்டு மேஜையில உக்காந்துட்டா, அடுத்த வருஷமும் நான் வரேன். வாயே திறக்க மாட்டேன். ஒரு நாள் தவறினாலும் ஸ்பெயின்."

"எழுதிக் குடு," என்றார் லூபெர்ட். எழுதிக் கொடுத்தாள். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியது.

அவருக்குப் பயமே இல்லை. நேரம் தவறாமல் போய்ச் சேர்வதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல் வந்தது. வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அங்காடியில் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, வியாழக்கிழமை நீ வர முடியுமா என்று மாரித்தைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் ஒத்திவைக்க முடியுமா என்று அவள் கேட்டபோது லூபெர்ட் பெருமூச்சு விட்டார். ஆனால் அவரும் வேலைக்குப் போகிற மனிதர். நான்கு இரவுகளுக்கு நான்கு வீடுகள். நான்கு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசித் தேதியை மாற்றினார். பூனைக்குச் சாப்பாடு வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அட்டைகளின் தலையில் இருந்த 'வியாழன், வெள்ளி, சனி'யை அழித்து 'வெள்ளி, சனி, ஞாயிறு' என்று எழுதினார். யாரிடமெல்லாம் பேச வேண்டுமோ அவர்களிடமெல்லாம் பேசியாகிவிட்டது. வேலை முடிந்தது என்று பென்சிலை வைத்தார்.

முதல் நாள் ஐந்து நாற்பதுக்கே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் மழை பெய்தும் ஐந்து ஐம்பத்திரண்டு. இரண்டு நாளும் மாரித்திடம் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவள் கொட்டாவி விட்டாள்.

மூன்றாம் நாள் காலை, லெக் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மாதாகோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள்களில் பைகளை மாட்டினார்கள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் ரூலி. "எல்லாம் பாத்துட்டியா?"

"எல்லாம் பாத்தாச்சு."

பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காதென்று முந்தின மாலையே இரண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டவும் செய்தார்.

நாள் நன்றாகத்தான் தொடங்கியது. பாதை வாய்க்கால்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து இழுத்தது போல் போயிற்று. தலை வெட்டிய வில்லோ மரங்கள், வயிறு தரையில் பட அசை போடும் மாடுகள். பதினெட்டு, எழுபத்தொன்று, நாற்பது என்று கம்பங்கள் வரிசையாக வந்தன. காற்று மேற்கிலிருந்து வீசியது, கொஞ்சம் பலமாகவே. ஆனால் அது பக்கவாட்டில்தான் பட்டது. வழியில் கறுப்பு உடையில் குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் எதிர்ப்பட்டார்கள். பெண்கள் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஒரு பண்ணை வாசலில், ஆளில்லாமல் காசு போட்டு எடுத்துக்கொள்ளும் செர்ரிப் பழப் பெட்டி இருந்தது. அதன் மேல் சாக்கு போர்த்தி, 'இன்று விற்பனை இல்லை' என்று பலகை வைத்திருந்தார்கள். லூபெர்ட் ஒரு கால் ஊன்றி நின்று அதைப் படித்தார். பழம் தானாகத்தானே கிடக்கிறது, அதற்கு எதற்கு ஓய்வு என்று எரிச்சல்பட்டுவிட்டு மேலே போனார். அந்தச் சாக்கு சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தரைக்குக் காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். ஒரு மணிக்கு ரொட்டி. இரண்டு ஐம்பதுக்கு ஆற்றங்கரை மேட்டில் ஏறினார்கள். அட்டையில் அடுத்து எழுதியிருந்தது எண் அல்ல, 'படகு' என்ற ஒரு சொல். ஐந்து நிமிடத்தில் அக்கரை, அங்கிருந்து நான்கு கிலோமீட்டரில் அன்றிரவு தங்க வேண்டிய ஹென்ட்ரிக்யே அம்மாள் வீடு. மூன்றரைக்கெல்லாம் சேர்ந்துவிடலாம். லூபெர்ட் விசிலடித்துக்கொண்டே துறைக்கு இறங்கினார்.

துறையில் சங்கிலி போட்டிருந்தது. படகு அக்கரையில், சற்று சாய்ந்தாற்போல் கட்டிக் கிடந்தது. கரையில் ஒரு பெஞ்சில் கறுப்பு உடையில் ஒரு கிழவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூபெர்ட் கடிகாரத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார். மணி அடித்தால் வருவார்களோ என்று மணியைத் தேடினார். சங்கிலியில் சின்னப் பூட்டு வேறு தொங்கியது.

"படகு எப்ப வரும்?" என்று கிழவரிடம் கேட்டார்.

"காலைல ஆறு மணிக்கு, தம்பி."

"நாளைக்கா?"

"இன்னைக்குக் காலை போயிருச்சே." கிழவர் சட்டைப் பையிலிருந்து புதினா மிட்டாய்ச் சுருளை எடுத்து நீட்டினார். கோயிலில் பிரசங்கம் கேட்கும்போது வாயில் போட்டுக்கொள்ள வாங்கியதில் மிச்சமிருந்தது போல. லூபெர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டார், ஏன் எடுத்தோம் என்று தெரியாமல். "எந்த ஊரு நீங்க?"

"மெப்பல்."

"அங்க ஞாயித்துக்கிழமை படகு ஓடுமா?"

"அங்க படகே கிடையாது. ஆறு இல்ல."

"அப்ப ஒரு தொந்தரவும் இல்ல," என்றார் கிழவர்.

கால அட்டவணை ஒரு கம்பத்தில் ஒட்டியிருந்தது. லூபெர்ட் அருகில் போய்ப் படித்தார். இரண்டு பத்திகள் இருந்தன: வாரநாள், சனி. மூன்றாவது பத்தி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். ஜனவரியில் மேஜையில் உட்கார்ந்து அவர் இதையேதான் படித்தார். சனிக்கிழமைப் பத்தியைப் பார்த்துச் சரி என்று வைத்தார். தேதி மாறியபோது நான்கு வீட்டுக்காரர்களோடு பேசினார், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசினார். படகுக்கு முன்பதிவு கிடையாது. போய் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள். ஆகவே அதனோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய மனிதர் ரொட்டிக்கு மட்டும் ஞாயிறு பார்த்திருக்கிறார்.

தன் மேல் வந்த கோபம் தன் மேலேயே நிற்பது அபூர்வம். அது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்.

"சனிக்கிழமைதான் போட்டிருந்தேன்," என்றார் திரும்பி. "சனிக்கிழமை வந்திருந்தா இந்நேரம் அக்கரையில இருந்திருப்போம். ஒரு நாள் ஒத்திவைக்கச் சொன்னது யாரு?"

மாரித் ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றுவதை நிறுத்தினாள்.

"எனக்கு ஒரு நாள் கேட்டேன்ப்பா. படகுக்காரனுக்கும் சேர்த்தா லீவு கேட்டேன்?"

ரூலி காலையில் கேட்ட கேள்வியை இப்போது எடுத்து வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதுதான் லூபெர்ட்டுக்கு இன்னும் எரிந்தது. கிழவர் மரியாதையாக ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாலம் எங்கே என்று கிழவரிடமே கேட்க வேண்டியிருந்தது. கிழக்கே பதினான்கு கிலோமீட்டர். பாலம் ஏறி இறங்கி, வடகரையில் அதே பதினான்கையும் மேற்கே திரும்பி வர வேண்டும். அதன் பிறகு அந்த நான்கு. மணி மூன்று ஐந்து. லூபெர்ட் மனத்தில் கணக்குப் போட்டார். போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். முடியும் என்றது கணக்கு. மயிரிழையில்தான், ஆனால் முடியும்.

"ஹென்ட்ரிக்யே அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே," என்றாள் ரூலி.

"என்ன சொல்றது? இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

போன் செய்வது தோற்றதாக ஒப்புக்கொள்வது போல அவருக்குப் பட்டது. ஏறி மிதித்தார்.

கிழக்கே போன முக்கால் மணி நேரம் பறந்தது. கால் வைத்தால் சைக்கிள் தானாக ஓடியது. காதில் காற்றுச் சத்தமே இல்லை. அந்தச் சுகத்தை லூபெர்ட்டால் ஒரு நிமிடம்கூட அனுபவிக்க முடியவில்லை. இப்போது சும்மா கிடைக்கிற ஒவ்வொரு கிலோமீட்டரையும் திரும்பி வரும்போது காற்று வட்டியோடு கேட்கும். மாரித் முன்னால் போனாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குப் பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினார்கள். ஈரத் துணியால் முகத்தில் அறைந்தது போல் காற்று வந்தது.

மலை என்றால் உச்சி ஒன்று இருக்கும், அதற்குப் பிறகு இறக்கம் இருக்கும். இந்தக் காற்றுக்கு உச்சி கிடையாது. கரைமேட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. லூபெர்ட் முதல் கியருக்கு வந்தார். அதற்குக் கீழே கியர் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவு தெரிந்தது, அதற்கடுத்த ஊரின் கோயில் கோபுரமும் தெரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று மறுபடி மேய்ந்தன.

முன்னால் ரூலியும் மாரித்தும் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே. பேட்டரி மிதித்தது, இவர்கள் வம்பளந்தார்கள். ரூலி எதற்கோ சிரித்தாள். நூறு மீட்டருக்கு ஒரு முறை இருவரும் நின்று, அவர் வரும்வரை காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பினார்கள். ஆகவே அவருக்கு மட்டும் நிற்க நேரமே கிடைக்கவில்லை.

அப்போதுதான் லூபெர்ட்டுக்கு ஒன்று புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம். அவர்கள் இருவரும் நினைத்தால் ஐந்தரைக்கே மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று பேரும் சேர்ந்து என்பது பந்தயம். பந்தயத்தைத் தோற்கடித்துக்கொண்டிருப்பது இப்போது படகு அல்ல, ஞாயிற்றுக்கிழமையும் அல்ல.

ஐந்தேகாலுக்கு மாரித் வேகத்தைக் குறைத்து அவருக்கு இணையாக வந்தாள். தன் வலது கையை அவர் முதுகில், தோள்களுக்கு நடுவே வைத்துத் தள்ளினாள். எதிர்காற்றில் பிள்ளைகளை அப்படித்தான் தள்ளுவார்கள். இவளையும் லூபெர்ட் எத்தனையோ மைல் தள்ளியிருக்கிறார், எட்டு வயது வரைக்கும்.

"கைய எடு," என்றார்.

"எடுத்தா நின்னுடுவே."

"எடுன்னேன்."

எடுத்தாள். சைக்கிள் மணலில் ஓடுவது போல் ஆயிற்று. ஒரு நிமிடம் தனியாக மிதித்தார், இரண்டு நிமிடம் மிதித்தார். கோபுரம் அதே இடத்தில் இருந்தது. கை மறுபடி முதுகுக்கு வந்தபோது அவர் பாதையைப் பார்த்து மிதித்தார்.

கொஞ்ச தூரம் போனதும், தலையைத் திருப்பாமலே, "படகை நான்தான் பாக்கல," என்றார்.

"என்ன?"

"படகு. நான்தான் பாக்கலன்னேன்."

"காத்துல கேக்கல."

"நான்தான் பாக்கல, தப்பு என்னோடதுன்னேன்," என்று கத்தினார். முன்னால் போன ரூலியே திரும்பிப் பார்த்தாள்.

"முதல் தடவையே கேட்டுச்சு," என்றாள் மாரித்.

கரையை விட்டு இறங்கிக் கடைசி நான்கு கிலோமீட்டருக்குத் திரும்பியபோது ஐந்து நாற்பது. காற்று சற்று பக்கவாட்டுக்கு மாறியது. மாரித்தின் கை வலித்திருக்க வேண்டும், மறுபக்கம் வந்து இடது கையால் தள்ளினாள். ஓரிடத்தில் மாடுகளைப் பால் கறக்க ஓட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது மாடுகள், ஒன்றுக்கும் அவசரமில்லை. லூபெர்ட் ஒவ்வொன்றாக எண்ணினார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஓய்வில்லாதது இவை மட்டும்தான், அவையும் சரியாக அவர் வழியில்.

ஹென்ட்ரிக்யே அம்மாள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஏழு.

"உருளைக்கிழங்கு ஆறு மணிக்கு மேஜைக்கு வந்துடுச்சு," என்றாள் அந்த அம்மாள் கதவைத் திறந்து. "நீங்கதான் வரல. ஒரு போன் பண்ணியிருந்தா அடுப்புலயே வெச்சிருப்பேன்." சொன்ன குரலில் கோபமில்லை. சாதாரணமாக அவளும் ஒரு செய்தி சொன்னாள், அவ்வளவுதான்.

கை கழுவி உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு, அவரைக்காய், இறைச்சி உருண்டை. எதிலும் ஆவி வரவில்லை. மாரித் தன் அம்மாவைப் பார்த்தாள். ரூலி தோளைக் குலுக்கினாள்.

"ஆறு மணின்னா ஆறு மணி வாக்குல," என்றாள் ரூலி உருளைக்கிழங்கை எடுத்து வைத்தபடி.

"மாட்டுக்கு அஞ்சு நிமிஷம் கழிக்கலாம்," என்றாள் மாரித். "நம்மள கேட்டா நின்னுச்சு? கழிச்சா ஆறு ரெண்டு. சங்கிலி பூட்டியிருந்ததுக்கு ரெண்டு நிமிஷம்."

லூபெர்ட் முள்கரண்டியை வைத்தார். தலையை ஆட்டினால் போதும். அடுத்த ஜூலை, அட்டை, பென்சில், எண்கள், எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தன. காலி நிறுத்தத்தில் யாருமில்லை என்று ஏழு நிமிடத் தாமதத்தை எழுதாமல் விட்ட ஓட்டுநர்களை அவருக்குத் தெரியும். அவர்களோடு அவர் ஒரே மேஜையில் காப்பி குடிப்பதில்லை.

"ஏழு நிமிஷம் லேட்டு," என்றார்.

"அப்பா. நாங்க விட்டுக்குடுக்கிறோம்ல?"

"தெரியுது. அதான் வேணாங்கிறேன்."

மாரித் அவரையே சற்று நேரம் பார்த்தாள். ஜெயித்தவள் முகம் போல் இல்லை அது. கையை மட்டும் மேஜைக்குக் கீழே பிசைந்துவிட்டுக்கொண்டாள். ஹென்ட்ரிக்யே அம்மாள் இவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விளங்காமல், போதுமா இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"அப்ப ஸ்பெயின்," என்றாள் ரூலி. குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "உனக்கு அங்க ஒரு கஷ்டமும் இருக்காது, லூபெர்ட். அங்க ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிடுவாங்களாம். அதுவும் பத்துன்னா பத்து இல்லையாம். நீ லேட் ஆகணும்னு நெனச்சாக்கூட ஆக முடியாது."

அன்றைய நாளில் அவர் கேட்டதிலேயே சகிக்க முடியாத சொல் அதுதான். பூட்டிய சங்கிலியைத் தாங்கிக்கொண்டார், காற்றைத் தாங்கிக்கொண்டார், முதுகில் இருந்த கையைக்கூடத் தாங்கிக்கொண்டார். யாருமே தாமதமாக வர முடியாத ஊரில் ஒரு மனிதர் ஒரு வாரம் முழுக்க என்ன செய்வார்?

குழம்பைக் கேட்டு வாங்கினார். அதுவும் ஆறிப்போயிருந்தது.